ஓடியவளின் தகப்பனுக்கு

அண்ணை,

இன்று விம்பிள்டனில், நாங்கள் இருவரும் கூலிக்கு வெட்டிவந்த அந்தப் பழைய வீட்டு லாரல் செடி வேலியைத் தனியாக வெட்டினேன். வெட்டுப்பட்ட இலையிலிருந்து பாதாம் மணம் கிளம்பியது. குனிந்து நிமிர்ந்து இடுப்பு, நாரி எல்லாம் விட்டுப்போனது. ஏணியைப் பிடிக்க நீங்கள் இல்லை. ஜூனில் நெஞ்சுவலி என்று படுத்தவர் எழும்பவில்லை. அதில் உங்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு.

ஆங்கிலம் பழக என்று நூலகத்தில் சிறுபிள்ளைகளின் கிரேக்கக் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்திருந்தீர்கள். விசா அலுவலாகக் குரோய்டனுக்குப் போகும் ட்ராமில் எனக்கு அதை அவிழ்த்துவிடுவீர்கள். தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தே பூவானவன், கூட்டாளி எறிந்த வட்டு பட்டுப் பூவானவன். "இந்தத் தேவர்கள் சாகவும் விடாயினம், வாழவும் விடாயினம். ஒரு இடத்தில நட்டுவிடுவினம்" என்று சிரிப்பீர்கள்.

பங்குனியில், இந்த வேலியடியில், லாரல் கதை வந்தது. துரத்திய தேவனுக்குப் பயந்து ஓடிய பெண் தகப்பனைக் கூப்பிட்டாள். ஆற்றுத் தேவனான அவர் அவளை மரமாக்கிவிட்டார். கதையில் வருவது வேறு சாதி லாரல் என்று வீட்டுக்காரி சொன்னாள். நீங்கள் கேட்கவில்லை. எந்த மரத்தையும் தொட்டு "பொறுத்துக்கொள்ளணை" என்று சொல்லிவிட்டு வெட்டுகிறவர், அன்று கத்தரியைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"அந்தத் தகப்பன் காப்பாத்தினவனோ, தம்பி? ஓடின பிள்ளையை நிப்பாட்டினவன்."

பிறகுதான் சொன்னீர்கள். தையில், சண்டை நடந்த வன்னிக்கு போன் லைன் கிடைத்தபோது மகளிடம், "அந்தப் பள்ளிக்கூடத்திலயே நில், அசையாதை" என்றிருக்கிறீர்கள். அதன்பின் அவளிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. அங்கே ஷெல் விழுந்ததாக மட்டும் கேள்விப்பட்டோம். "நான்தான் அவளை அங்க நட்டனான்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என் ஆறுதல் ஒன்றும் ஏறவில்லை. ஒரு கட்டத்தில் எனக்கும் அலுத்துப்போனது, ஒப்புக்கொள்கிறேன்.

போன கிழமை, அவளுக்கு நீங்கள் கொடுத்துவைத்திருந்த என் நம்பருக்கு வவுனியா முகாமிலிருந்து அழைப்பு வந்தது. உங்கள் மகள்தான். ஷெல் விழுமுன்பே சனத்தோடு சனமாக வெளிக்கிட்டுவிட்டாளாம். நீங்கள் இல்லை என்பது ஊர்ச்சனம் சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அப்பா நில் எண்டவர், மாமா. நான் கேக்கேல்லை. அந்தக் கோவத்தோடயே போயிட்டாரோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். நீங்கள் பட்ட பாட்டை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

களைத்துப்போனேன், அண்ணை. அவள் உங்கள் சொல் கேட்கவில்லை. இந்த நல்ல செய்தியைச் சுமந்துகொண்டு திரிகிறேன். சொல்லத்தான் ஆளில்லை.