ஆறே சீட்டில் ஓர் அணி

மரைன் ஹில், போர்ட் பிளேயர்
புதன்கிழமை

அன்பு மகள் உதயாவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அதில் பாதிதான் உண்மை. எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை, உன் அம்மாதான் சரியாக இல்லை. போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், இந்த இரண்டு அறை வீட்டில் எங்கே போய் ரகசியம் பேசுவது? பக்கத்து வீட்டு ஈஸ்வரன் நாளைக்குக் கோயம்புத்தூர் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற திங்கட்கிழமை காலேஜில் கமிட்டி கூடுகிறது, பெண்கள் ஃபுட்பால் டீமுக்கு உன் அம்மாவையே கோச்சாக வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய. மூன்று வருஷமாகக் கோப்பை இல்லை, இந்த வருஷம் ஃபைனலில் ஆறு கோல் வாங்கித் தோற்றார்கள். தலைவர் கிருஷ்ணமூர்த்தி ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் ரிசல்ட் கிதர் ஹை மேடம், எங்கே ரிசல்ட் என்று ஹிந்தியில் கேட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு பேருக்கு இருந்த ஸ்காலர்ஷிப் சீட்டை நடு வருஷத்தில் ஆறாக வெட்டிக் கையெழுத்துப் போட்ட மகராசன் அவர்தானே! ஆறு பேருக்கு ஹாஸ்டலும் சாப்பாடும், ஆனால் மைதானத்தில் இறங்க வேண்டியவர்கள் பதினோரு பேர். மிச்சப் பிள்ளைகள் காலையில் வெறும் வயிற்றோடு வந்து ஓடினார்கள், நம் வீட்டு இட்லியெல்லாம் எத்தனை பேருக்குக் காணும், சொல்லு.

அந்தக் கமிட்டி உன்னையும் போனில் கூப்பிடுமாம், நீ பழைய ஆட்டக்காரி, இப்போது அங்கே ஒரு டீமுக்குக் கோச், உன் அபிப்பிராயம் வேண்டுமாம். அதனால்தான் இந்தக் கடிதம். அம்மா மேல் உனக்கு இருக்கிற வருத்தம் எனக்குத் தெரியாதா கண்ணு? டீமிலேயே அதிக கோல் போட்டவள் நீ, ஆனாலும் உனக்கு சீட் தரவில்லை. ஊருக்குள்ள வீடு இருக்கிறவளுக்கு எதுக்கு ஹாஸ்டல், கப்பல் ஏறி வர்ற பிள்ளைக்குக் குடுத்தாத்தான் அது படிக்கும் என்றாள். நீ கோபித்துக்கொண்டு மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறினாய், உன்னைப் போல ஊருக்குள்ளேயே வீடு இருக்கிற ஜங்லிகாட், டெலானிப்பூர்ப் பிள்ளைகளும் சீட் தருகிற வேறு காலேஜுக்குப் போய் நம் டீமையே தோற்கடித்தார்கள். அம்மா அந்த வழக்கத்தை மாற்றவே இல்லை, பிடித்தால் உடும்புப் பிடிதான் அவளுக்கு.

தமிழரசி என்று ஒரு பிள்ளை, நீ பார்த்ததில்லை. கச்சால் தீவு, அப்பா அம்மா ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். கோல் கம்பத்துக்கு முன்னால் அவள் நின்றால் பந்து உள்ளே போகாது. சீட்டைக் குறைத்ததும் ஆறு பேரை ஹாஸ்டலிலிருந்து நிறுத்த வேண்டி வந்தது. ஐந்து பேருக்குத் தங்கிக்கொள்ள இங்கேயே சொந்தக்காரர்கள் வீடு இருந்தது. ஆறாவதாக யார் என்றபோது, தமிழரசியின் சித்தப்பா ஜங்லிகாட்டில் கடை வைத்திருக்கிறவர் வந்து, எங்க வீட்டுல இருக்கட்டும் மேடம், நம்ம பிள்ளதானே என்றார். அம்மாவும் நம்பி அவளை நிறுத்தினாள். அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் கடையைப் பார்க்கவும் குழந்தையைத் தூக்கவும் ஆள் கிடைத்தது, வேறென்ன. பிராக்டீஸுக்கு வருவது நின்றது. அம்மா ஸ்கூட்டரில் போய்க் கேட்டால், நாளைக்கு வாறேன் மிஸ் என்று கதவுக்குப் பின்னால் நின்றே சொல்வாளாம். அவள் இல்லாத ஃபைனலில்தான் அந்த ஆறு கோல். பிறகு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், போன மாதம் கல்யாணமும் முடிந்துவிட்டது. பரீட்சைகூட எழுதவில்லை.

அன்றிலிருந்து உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கமிட்டிக்குப் பதில் எழுது, சீட்டைக் குறைத்ததைச் சொல்லு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கோப்பையத்தான் கேக்குறாங்க, அந்தப் புள்ளை எங்கன்னு ஒருத்தரும் கேக்கலையே, கேட்டா நான் என்ன சொல்வேன் என்கிறாள். நேற்று சோறு வடித்துக்கொண்டே சொன்னாள், உதயாவுக்கும் சீட் இல்லைன்னுதான் சொன்னேன், அவ கோவிச்சுக்கிட்டுப் போயாவது நல்லா வந்துட்டா, அந்தத் தைரியத்துலதான் இவளையும் நிறுத்தினேன் என்று.

கமிட்டியில் அம்மாவுக்காகப் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன், உன் மனசுக்குப் பட்டதைச் சொல்லு. அவள் வேலை போனாலும் என் பென்ஷனில் கஞ்சி குடித்துக்கொள்வோம். ஆனால் திங்கட்கிழமை அவர்களிடம் பேசுவதற்கு முன்னால் இவளிடம் பேசிவிடு. இத்தனை வருஷமாக அம்மா எப்படி இருக்கிறாள் என்று என்னிடம்தானே கேட்கிறாய்.

அங்கே வெயில் அதிகமாம், நிறையத் தண்ணீர் குடி. ஈஸ்வரனிடம் கருவாடு கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள். முருகன் துணையால் நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் போனுக்குக் கூப்பிடு, மறந்துவிடாதே. நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பழனிசாமி