சுவருக்குள் இருந்த கட்டை முனை

அத்தை, துவைத்துக் காயவைத்த பாப்பாவின் போர்வையிலும் அந்த வாசனை போகவில்லை. உளுத்த மரத்தின் வாசனை. நேற்றுத் தச்சர் உளியால் குத்தியதும் கூடம் முழுக்கப் பொடி கொட்டியது.

நம் மாடித் தளத்தைத் தாங்குகிற ஒன்பது கட்டைகளில், நடுக்கட்டையைத்தான் முதலில் குத்தினார். உளி பிடி வரைக்கும் இறங்கியது. தொட்டில் வளையம் இருக்கிற கட்டை அது.

குழந்தையோடு அம்மா வீட்டிலிருந்து வந்த அன்று, அந்த வளையத்தில்தான் தொட்டிலைக் கட்டினேன். நீங்கள் ஸ்டூல் போட்டு ஏறி அவிழ்த்து, ஜன்னலோரக் கட்டைக்கு மாற்றினீர்கள். "நடுவுலதானுங்க அத்தை காத்து வரும்" என்றேன். "உங்கூட்டுல நடுவுல கட்டிக்க அம்மணி. இங்க ஓரந்தான்." மூன்று நாள் உங்களோடு பேசவில்லை நான்.

நீங்கள் உயிரோடு இருந்தவரை, நான் எழுவதற்குள் கூடத்தைப் பெருக்கி முடித்திருப்பீர்கள். என் மாமியார் அவ்வளவு சுத்தம் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். தினமும் அந்தப் பொடியைத்தான் அள்ளினீர்களா அத்தை? மராமத்துப் பேச்சை உங்கள் மகன் எடுத்தபோது, "ஊட்டப் பிரிச்சுப்போட்டா நீங்க கோயமுத்தூருக்கு பிளாட்டுக்குப் போயிருவீங்க. நா இந்தச் செவுத்தோட பேசீட்டிருக்கோணும்" என்று சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம்.

"மூணு கட்டைதானுங்க போயிருக்குது" என்றார் தச்சர். "பக்கத்துல புதுக்கட்டை சேத்து போல்ட்டு போட்டு முறுக்கிப்போட்டாப் போதும். மத்த ஆறும் கல்லாட்டம் இருக்குதுங்க." உங்கள் மகனுக்கு முகம் தெளிந்துவிட்டது. எனக்கும்தான். அந்த ஆறில் ஜன்னலோரக் கட்டையும் ஒன்று.

ஆனாலும் கேட்டேன். "ஏனுங்க, செவுத்துக்குள்ள போற முனையப் பாத்தீங்களா?"

"அதையெல்லாம் பாக்கோணும்னா ஊட்டையே இடிக்கோணுங்க அம்மணி."

"ஒண்ணே ஒண்ணு பாருங்க. ஜன்னல் பக்கத்துது."

அவர் சலித்துக்கொண்டே காரையைக் கொத்தினார். உள்ளே கறுப்பாக, ஈரத்தில் ஊறிய ரொட்டி போல இருந்தது. ஜன்னல் வழியாக எத்தனை மழையின் தண்ணீர் இறங்கியதோ. இரண்டு விரல் அகல மரம்தான் சுவரில் உட்கார்ந்திருந்தது. தச்சர் உளியைக் கீழே வைத்தார். உங்கள் மகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பதினோரு மாதம் பாப்பா அதில் ஆடியிருக்கிறாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்களும் அதற்கு நேர் கீழேதான் நின்றீர்கள். உங்களுக்கும் தெரியாது. நல்லது என்று நம்பிய இடத்தில்தான் அவளை வைத்தீர்கள். அதை நினைத்தால் அழுகை வருகிறது. நடுக்கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் கொத்திப் பார்த்திருப்போமே என்று கோபமும் வருகிறது. இரண்டும் ஒன்றாக வருகின்றன.

"ஒம்போதையுமா மாத்தோணும்?" என்று என்னைக் கேட்டார் உங்கள் மகன்.

"ஒம்போதுந்தானுங்க. இரும்பே போட்டரலாம். எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை நாளில், பயமாக இருக்கிறது என்று அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. வேலை முடியும்வரை சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் படுத்துக்கொள்கிறோம். அதற்கு மேலே மாடி கிடையாது. இருந்தாலும் பாப்பா புரளும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறேன்.

சாயங்காலம் என் அம்மா போனில், "என்ன கண்ணு, ஒரே தட்டற சத்தமா கேக்குது?" என்றார். "சும்மா சின்ன வேலைங்கம்மா" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எதையும் சிரித்து மழுப்புவீர்களே, அதே தொனியில். உங்களிடமிருந்து எனக்கு வந்தது அதுதான் போல.

விழுங்கிவிட்டு, நடுக்கட்டையிலிருந்து ஆரம்பித்தேன். சொல்லச் சொல்லப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனாலும் ஒன்றையும் விடாமல் சொன்னேன், அத்தை.