வடிகால் மூடியில் நட்ட கொடிக்கம்பம்

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். நடந்தது அத்தனையையும் நான் முன்பே சொன்னவன். எட்டாவதோடு நின்றாலும் உலக விவகாரம் எனக்கு அத்துப்படி.

நீ இருக்கிற அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கப்போகிறது, அப்பா சரி என்றால்தான் உறுதிமொழி எடுக்கப் போவேன் என்றாயே, உன் அப்பா போனை வைத்த கையோடு கட்டில் விரிப்பைவிடப் பெரிய தேசியக் கொடி வாங்கிவந்தார். "பொண்ணு போனாலும் இந்த வீட்ல நாட்டுப்பற்று போகலன்னு தெரு பாக்கட்டும்" என்றார். வாசலில் மழைநீர் வடிகால் மூடியில் ஓட்டை இருந்ததா, அதில் கம்பத்தைச் செருகிச் சுற்றிலும் சிமென்ட் பூசிவிட்டார். தண்ணி எப்படிண்ணே போகும் என்றேன். "நாட்டுக்காக ஒரு மழை பொறுக்க மாட்டியா?" என்றார்.

மழை வந்தது, தெருவில் இடுப்பளவு தண்ணீர். உன் அப்பா கொடியைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்தபடி நாற்காலியில் ஏறி நின்றார். தினமும் தேசபக்தி பேசும் எதிர்வீட்டு வக்கீல் மாடியிலிருந்து, "கொடி பத்திரம் சார்!" என்று கத்தினாரே தவிர இறங்கவில்லை. இறங்கியது கீழ்வீட்டு நர்ஸ். பதினோரு வருஷமாக இங்கே குடியுரிமை கேட்டு விண்ணப்பம் போடுகிறவள், உன் அப்பாவுக்கு இன்றுவரை 'அந்த வெளியாள்'. வேலை முடிந்து வந்த சீருடையோடு கடப்பாரையால் சிமென்ட்டைப் பெயர்த்து, தோள்வரை கைவிட்டுக் குப்பையை அள்ளினாள். தண்ணீர் வடிந்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து, "ஐயா, இறங்குங்க, கீழ படக் கூடாது, குடியுரிமை கேட்கிறதுக்காகக் கொடி விதியெல்லாம் படிச்சிருக்கேன்" என்று கொடியின் மறுமுனையைப் பிடித்து ஒழுங்காக மடித்துக் கொடுத்தாள். நம்மாளுக்கு மடிக்கத் தெரியவில்லை அம்மா!

இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள், "நம்ம பொண்ணும் அங்க ஒரு தெருவுல இப்படி இறங்கி நிப்பாள்னா, தாராளமா உறுதிமொழி எடுக்கச் சொல்லு" என்றார். ஆகவே போ. சத்தமாகச் சொல், வாய்க்குள் முணுமுணுக்காதே. வேளைக்குச் சாப்பிடு. போகிற இடத்திலும் நல்ல பேரோடு நூறு வருஷம் இரு.

உன் சித்தப்பா.

பி.கு. தண்ணீர் கணுக்கால் அளவுதான். அது போகட்டும். மூன்றாம் நாள் உன் அப்பா சொன்னதாக எழுதினேனே, அதை அவர் சொல்லவில்லை, நான் சேர்த்தது. அவர் இன்னும் வாயே திறக்கவில்லை. ஆனால் காலண்டரில் உன் உறுதிமொழித் தேதியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறது. சத்தியமாக அது நான் போட்டதல்ல.