சரிவில் கிளம்பிய கார்

ரோம், செவ்வாய்

அன்புள்ள அப்பா,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், காரும் நலம்.

காலையில் ஒரு பள்ளி, மதியம் ஊரின் மறுகோடியில் இன்னொரு பள்ளி என்று நான் பாடம் எடுக்க முடிவது இந்தச் சின்ன மின்சாரக் காரால்தான். அது போனால் பாதி வேலையும் போய்விடும். போன வாரம் போகவிருந்தது.

லெச்சேயில் நாம் செய்வதுபோல இன்னொரு காரை மறித்து நிறுத்திவிட்டு, வேண்டியவர்கள் தள்ளிக்கொள்ளட்டும் என்று ஹேண்ட்பிரேக் போடாமல் காபி குடிக்கப் போனேன். நம் ஊர் சமதரை. இந்தத் தெரு சரிவு. கார் தானாகவே கிளம்பிவிட்டது.

காபிக் கடைக்காரர் செத்திமியோவும் மூன்று வாடிக்கையாளர்களும் ஓடிப்போய் முதுகு கொடுத்து நிறுத்தினார்கள். பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி ஓரமாக வைத்தார்கள்.

“டீச்சரம்மா, இது காரா, ஃபிரிட்ஜா?” என்றார் செத்திமியோ.

“எங்க ஊர்ல இப்படித்தாங்க நிறுத்துவோம்.”

“உங்க ஊர்ல மேடே கிடையாதா? உள்ள வாங்க, காபி ஆறிப்போச்சு, வேற போடறேன்.”

யாருக்கும் அடியில்லை, காரில் ஒரு கீறலும் இல்லை. மதிய வகுப்புக்கு நேரத்தோடு போய்விட்டேன். பெயர்கூடத் தெரியாத எனக்காக அவர்கள் ஓடினார்கள், அப்பா.

இந்த முறை நம் ஆலிவ் எண்ணெய் ஐந்து டப்பா வேண்டும், நாலு அவர்களுக்கு. பார்சலில் போடாமல் நீங்களே கொண்டுவாருங்களேன். பக்கத்து இருக்கையில் என் பைதான் உட்கார்ந்து வருகிறது.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். எண்ணெய் கனமென்றால் அதை விட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள்
நுன்சியா