கயிறு இல்லாத வரிசை

ஐப்பசி, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ராஜகிரி மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. பஸ் முழுக்க ஈரத்துணி வாடை. இந்த அங்கன்வாடிக்கு மாற்றலாகி வந்து இரண்டாவது வாரம்.

வாங்க வேண்டியவை: துடைப்பம், கொசுவத்தி, எனக்கு ஒரு குடை.

இன்றும் நான் பஸ் இறங்கி வருவதற்கும் பிள்ளைகள் வருவதற்கும் சரியாக இருந்தது. ஒருவர் பின் ஒருவராக வரிசை. அழுகை இல்லை, சத்தமே இல்லை. சமையல் பார்க்கும் அஞ்சலையக்காவிடம், "நல்லா கூட்டிட்டு வர்றீங்கக்கா" என்றேன்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நானா? நீங்கதான் பஸ்ஸு எறங்கி இட்டுனு வரீங்கன்னு நெனச்சினு இருக்கேன்."

வாசலை எட்டிப் பார்த்தேன், பிள்ளைகளைத் தவிர யாரும் இல்லை. பிறகு அவர் பருப்பைக் கிளறப் போய்விட்டார்.

செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. எடை பார்க்கும் நாள். தாய்மார் கூட்டம். பேச்செல்லாம் லூர்து டீச்சரைப் பற்றி.

எனக்கு முன் இங்கே இருந்தவர். கலியாணம் செய்துகொள்ளவில்லை. கட்டடம் இல்லாத காலத்தில் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் பாயைப் போட்டு ஆரம்பித்தாராம். இன்று குழந்தையைத் தூக்கி வந்தவர்களில் பாதிப்பேருக்கே சின்ன வயதில் எடை பார்த்தவர் அவர்தான். ஆடியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து சர்ச் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு நான் வரும்வரை அங்கன்வாடி பூட்டியே கிடந்ததாம்.

தர்ஷனின் அம்மாவிடம் கேட்டேன், பையனை யார் அழைத்து வருகிறார்கள் என்று.

"டீச்சர் கூப்புடுதுன்னு அவனே ஓடுறான்."

"உங்களுக்குக் கேக்குதா?"

"நான் உள்ள வேலையா இருப்பேன்." பையனின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். அப்புறம் மெதுவாக, "கேக்கல டீச்சர்."

தர்ஷனுக்கு இரண்டரை வயது. அந்தக் குடும்பம் சென்னையிலிருந்து வந்ததே புரட்டாசியில்தான். லூர்து டீச்சரை அவன் பார்த்ததே கிடையாது.

தலைவலி. மாத்திரை.

புதன்

வெயில். சூப்பர்வைசர் மேடம் போன். "புள்ளைங்க தனியா மெயின் ரோட்டத் தாண்டி வருதாமே? லாரி போற ரோடும்மா. ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

லூர்து டீச்சர் படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறாராம். திங்கட்கிழமை வந்து மாட்டுவார். நான் நாலு வார்த்தை பேச வேண்டும். பார்த்தே இராத ஒருவரைப் பற்றி என்ன பேச?

முட்டை இரண்டு உடைந்தது.

வியாழன்

முதல் பஸ்ஸில் போனேன். தெருமுனை டீக்கடை ஓரம் நின்றேன். மூடுபனி, ஆள் நடமாட்டம் குறைவு.

யாரும் வரவில்லை, யாரும் கூப்பிடவில்லை. முதல் வீட்டுக் கதவு திறந்தது, ஒரு பிள்ளை வந்து நின்றது. அடுத்த வீடு. அடுத்தது. நின்ற பிள்ளை நகர, வாசலில் காத்திருந்தது பின்னால் சேர்ந்துகொண்டது. எல்லோருடைய வலது கையும் இடுப்பு உயரத்தில், இறுக மூடி, எதையோ பிடித்தபடி.

பின்னாலேயே போனேன். நேரே மெயின் ரோட்டுக்கு வரவில்லை. செங்கல் சூளைச் சந்துக்குள் திரும்பி, கடைசித் தகரக்கூரை வீட்டின் முன் நின்றார்கள். வெளியே பூட்டு. அங்கே நாய்கூட இல்லை. பிறகு, போன ஆள் திரும்பி வந்ததுபோல, எல்லோரும் ஒன்றாக நகர்ந்தார்கள்.

ரோட்டோரம் வந்ததும் சட்டென நின்றார்கள். நான் கத்துவதற்குள் மண் லாரி போயிற்று. அப்புறம் தாண்டினார்கள்.

அஞ்சலையக்காவிடம் அந்தக் கையைப் பற்றிச் சொன்னேன். அரிசி களைவதை நிறுத்திவிட்டார். "கவுறு. லூர்து டீச்சர் பழைய பொடவைய கிழிச்சி முறுக்கி வச்சிருப்பாங்க. அதப் புடிச்சினுதான் எல்லாம் வரணும்."

"இப்ப எங்கக்கா அது?"

"பொட்டியில அவங்ககூடவே வச்சி அனுப்பிட்டோம்."



வெள்ளி

இனி நானே அழைத்து வருவது என்று முடிவு. முதல் வீட்டிலிருந்து வரிசைக்கு முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் எனக்கும் முதல் பிள்ளைக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம். நெருங்கினால் அதுவும் பின்வாங்கியது. வேகமாக நடந்தாலும் அதே இடைவெளி.  ஒதுங்கி வரிசைக்குக் கடைசியில் போனேன்.

தகரக்கூரை வீடு. நின்றார்கள்.

"ஏன்டா நிக்கிறீங்க?" தர்ஷனிடம்.

"டீச்சர் பேசுது."

"யார்கிட்ட?"

ஜன்னலைக் காட்டினான். சின்ன ஜன்னல், உள்ளே சாக்குத் தொங்கியது. கம்பிக்குள் விரல் விட்டு விலக்கினேன். ஒரு முகம். நாலைந்து வயதுப் பெண். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, என்னைவிட உயரமான ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்து, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை.

அஞ்சலையக்காவுக்கும் தெரியவில்லை. "சூளைக்கி வந்த வெளியூரு ஜனம். உள்ள புள்ள இருக்கறதே எனக்குத் தெரியாது டீச்சர்."

மாலை அந்த வாசலிலேயே காத்திருந்தேன். அம்மா பேர் பச்சையம்மா. தலை, புடவை எல்லாம் செம்மண். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"காது கேக்காது டீச்சர். பின்னால ஹாரன் அடிச்சாலும் திரும்பாது. சூளைக்கி இட்டுனு போனா நெருப்பாண்ட போவுது. பூட்டாம நான் இன்னா பண்றது, சொல்லுங்க."

"லூர்து டீச்சருக்குத் தெரியுமா?"

"தெனம் வருவாங்க. புள்ளைங்கள நிக்க வச்சிட்டு ஜன்னலாண்ட வாய அசைச்சி அசைச்சிப் பேசுவாங்க. அனுப்பு, நான் பாத்துக்குறேன்னு ஒரே புடியா நின்னாங்க. தீபாவளி கழிச்சி அனுப்புறேன்னு சொன்னேன். அதுக்குள்ள..." நிறுத்தினாள். "அவங்க போன அப்பறமும் இது காத்தால அங்கதான் போயி நிக்குது. சிரிக்குது. எனக்கு ஒடம்பு ஆடிப்போவுது டீச்சர்."

"திங்கக்கிழமை நான் வர்றேன். கையப் புடிச்சு கூட்டிட்டுப் போய், சாயந்தரம் நானே கொண்டு வந்து விடுறேன்."

முந்தானையில் சாவியை முடிந்தாள், அவிழ்த்தாள், மறுபடி முடிந்தாள்.

"காது கேக்காத புள்ளன்னு ஓரத்துல ஒக்கார வுட மாட்டீங்களே?"

"விட மாட்டேன்."

"வாங்க."

ஞாயிறு

செஞ்சி கடைத்தெரு. குடை வாங்கினேன். அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்தேன்: காது டாக்டர் விழுப்புரத்தில்தான், மிஷின் இலவசமாகக் கிடைக்கும், பிள்ளையை அழைத்துப் போக வேண்டும். அடுத்த வாரம் லீவு கேட்கணும். பச்சையம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும், அதையும் பேசணும்.

லூர்து டீச்சர் கல்லறையைப் பார்க்கப் போனேன். கேட் திறந்துதான் இருந்தது, தாண்டி உள்ளே போக மனம் வரவில்லை.

திங்கள்

நல்ல வெயில். மலைப் பாறை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

முதலில் சூளைச் சந்து. கதவு திறந்திருந்தது. பிள்ளைக்குத் தலை பின்னி ரிப்பன் கட்டி, பவுடர் அப்பி நிறுத்தியிருந்தாள் அம்மா. பேர் மலர். படியிறங்கி வந்தாள். ஒருமுறை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு என்னோடு நடந்தாள்.

தெருவில் ஒரு பிள்ளை இல்லை. எந்த வாசலிலும் இல்லை.

வீடுவீடாகப் போனேன். அழுகை. ஒன்று கட்டிலடியில். தர்ஷன் கதவைக் கட்டிக்கொண்டு வர மறுத்தான். "இன்னாடா ஆச்சி ஒனக்கு? தெனம் ஓடுவ!" என்று அவன் அம்மா இழுத்தாள். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, உரக்க. தெருவில் அப்படிக் கத்தியதில்லை நான். ஒரு வழியாகக் கிளம்பினோம், கோணல்மாணலாக. ஒன்று நடுவழியில் உட்கார்ந்துகொண்டது. ரோட்டைத் தாண்டும்போது கைகாட்டி லாரியை நிறுத்தினேன். டிரைவர் திட்டினான். திட்டட்டும்.

அஞ்சலையக்கா வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னா டீச்சர், இப்பிடி அழுவுதுங்க!" சொன்னவர் முகத்தில் சிரிப்பு.

பதினோரு மணிவாக்கில் மேடம் படத்தோடு வந்தார். தாய்மார் நிறையப் பேர். பச்சையம்மாவும் சூளையிலிருந்து அப்படியே வந்து சுவரோரம் நின்றாள். நான் பேசினேன். அவரைத் தெரியாது என்றுதான் தொடங்கினேன். யாருக்கும் தெரியாத ஒரு பிள்ளைக்காக அவர் தினமும் ஜன்னலில் நின்றதை மட்டும் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மேடம் என்ன நினைப்பார்? பச்சையம்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

எல்லோரும் போனபின் தர்ஷன் படத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான்.

"இது யாரு டீச்சர்?"

தூக்கிக் காட்டினேன். "தெரியல? உன்ன தினமும் கூப்பிட வருவாங்களே, லூர்து டீச்சர்."

படத்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"தெனம் நீதான வந்த" என்றான்.