கடையில் உன் பாதி

புதுச்சேரி
12-2-1988

அன்புள்ள முத்தலிப்புக்கு,

கன்னியப்பன் எழுதுவது. நானும் ஆதிலட்சுமியும் பிள்ளைகளும் சௌக்கியம். அங்கே நீயும் பதுருன்னிசாவும் மகள் கனீஸும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. ஒயரே இல்லாமல் பேட்டரியில் சுற்றுகிற ரெஞ்ச் என்று சொன்னால் தெருவில் யாரும் நம்பவில்லை. ஒரு அம்பாசிடரின் வீல் நட்டைக் கழற்றிக் காட்டினேன். கூட்டம் கூடிவிட்டது. டீக்கடை காத்தவராயன், "இன்னாப்பா இது, நட்டுக்கு ஊசி போடுறியா" என்று கேட்டான்.

கூட வந்த காகிதம் முழுக்கப் பிரெஞ்சு. பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன் வாங்கும் ஜானகிராமனிடம் கொடுத்தேன். வரிக்கு வரி முகத்தைச் சுளித்துப் படித்துவிட்டு, "எல்லாம் ஆபத்துன்னு போட்டிருக்குதுப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று நீயே தமிழில் எழுது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நோணாங்குப்பம் பக்கமிருந்து வரும் மீன் வேன்களின் துருப்பிடித்த நட்டுக்கு நம் கடையில் எப்போதும் இரண்டு பேர் வேண்டும். நான் ஸ்பானரை அழுத்திப் பிடிப்பேன், நீ அதன் பிடியில் ஏறி நின்று மிதிப்பாய். ஐந்து வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று பிரான்சுக்குப் போனாய். எட்டு வருஷம் ஆயிற்று. இப்போது ஒற்றை ஆளே கழற்றுகிற மிஷின் வருகிறது. உனக்குப் பதிலாகவா இதை அனுப்பினாய்? கம்பெனி வேலையில் இருக்கும் முருகையன் கடையில் கூட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நச்சரிக்கிறான். பாதிக் கடை முத்தலிப்புடையது, அவன் வருவான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே?

உன்
கன்னியப்பன்

துலூஸ்
3-3-1988

அன்பு நண்பன் கன்னியப்பனுக்கு,

முத்தலிப் எழுதுகிறேன். இறைவன் அருளால் மூவரும் நலம். காத்தவராயன் சொன்னதைப் படித்துக் கனீஸ் சிரித்து அடங்கவில்லை.

மிஷின் விஷயத்தைக் கவனமாகப் படி. நட்டின் தலையில் கவிழ்க்கிறோமே, கடையிலிருக்கும் அந்தப் பளபளப்பான சாக்கெட்டை இதில் மாட்டாதே. அது அடி தாங்காமல் உடைந்து தெறிக்கும். நான் அனுப்பிய கறுப்புச் சாக்கெட் மட்டும்தான். அதை மாற்றும்போது முதலில் பேட்டரியைக் கழற்றிவிடு, விரல் தெரியாமல் விசையில் பட்டால் போதும். கண்ணாடி போடாமல் தொடாதே. காலை ஊன்றி நின்று இரண்டு கையாலும் பிடி, சட்டென்று திருகிக்கொள்ளும். லுங்கி கூடவே கூடாது. கையுறை கட்டாயம், நான் வேலை பார்க்கும் பஸ் டிப்போவில் அது இல்லாதவனை உள்ளேயே விடமாட்டார்கள். சக்கரத்தை மாட்டும்போது கடைசி முடுக்கு மட்டும் கையால்தான், வீல் ஸ்பானரால் முடுக்கு.

நான் வருவதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். கனீஸுக்கு இப்போது பரீட்சை.

என்றும் உன்
முத்தலிப்

புதுச்சேரி
20-3-1988

அன்புள்ள முத்தலிப்புக்கு,

நீ எழுதிய எல்லாவற்றையும் செய்கிறேன். லுங்கியை விட்டுப் பேன்ட்டுக்கு மாறிவிட்டேன். "கல்யாணத்துக்கே பேன்ட் போடாத மனுஷன்" என்று ஆதிலட்சுமி கேலி செய்கிறாள். என்னைக் கண்ணாடியோடு பார்க்கிற டிரைவர்கள் டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள்.

கையுறைதான் தொல்லை. தோல் கையுறையைப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே உள்ளே வியர்வை ஊறி, மிஷின் வழுக்குகிறது. என்ன செய்யலாம்? அப்புறம், மிஷினுக்கு ஒரு பக்கம் எழுதியவன் வருவதற்கு ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய். இந்த இரண்டுக்கும் பதில் போடு.

உன்
கன்னியப்பன்

புதுச்சேரி
22-5-1988

அன்புள்ள முத்தலிப்புக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?

இங்கே கத்திரி வெயில். கையுறையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பனியன் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வேலை செய்கிறேன், வழுக்கவில்லை. இது சரியா தப்பா என்று ஒரு கார்டாவது போடு. வருகிறாயா இல்லையா என்பதையும் எழுது. இல்லை என்றாலும் எழுதலாம். முருகையனுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், அதற்குத்தான் கேட்கிறேன்.

கன்னியப்பன்

புதுச்சேரி
19-7-1988

அன்புள்ள முத்தலிப்புக்கு,

எழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல ஆதிலட்சுமி எழுதுகிறாள்.

போன மாதக் கடைசியில் ஒரு மீன் வேன் வந்தது. சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இடம் போதவில்லை. மிஷினை இடது கையில் பிடித்து, சாக்கெட் நட்டைவிட்டு நழுவாமல் வலது கையை அணைத்துக் கொடுத்தேன். கையில் சுற்றியிருந்த துணியின் நுனி சாக்கெட்டில் மாட்டிக்கொண்டது. விசையை விடுவதற்குள் கையைச் சேர்த்து முறுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். இரண்டு விரல் இனிமேல் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். உன் மிஷின் மேல் குற்றமில்லை.

கன்னியப்பன்

அண்ணே, நான் ஆதிலட்சுமி. இது அவருக்குத் தெரியாமல் எழுதுவது. கட்டுப் போட்ட கையோடு தினமும் வாசலில் நின்று, "தபால் இருக்குதாப்பா" என்று கேட்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

துலூஸ்
2-8-1988

கன்னியப்பா,

மார்ச்சிலும் மேயிலும் நீ எழுதிய இரண்டு கடிதமும் எனக்குக் கிடைத்தன. தபாலில் தவறவில்லை.

கையுறையைப் பற்றிய கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். மிஷினின் கைப்பிடியில் சைக்கிள் டியூபைத் துண்டு வெட்டி மாட்டினால் வழுக்காது. சுற்றுகிற இடத்தின் பக்கம் துணியே போகக்கூடாது. இவ்வளவுதான். ஆனால் வருகிறாயா என்பதற்கு அப்போது என்னால் ஆம் என்றும் எழுத முடியவில்லை, இல்லை என்றும் எழுத முடியவில்லை. ஒன்றை மட்டும் எழுதி மற்றதை விட்டால் நான் தட்டிக்கழிப்பதை நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று கூசி, நாளைக்கு நாளைக்கு என்று இரண்டையும் விட்டுவிட்டேன். அதற்கு உன் கை போயிற்று. நம் ஊரில் கை வியர்க்கும் என்பதே முதல் கடிதம் எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை, அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

டிப்போவில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். பதுருன்னிசா முதலில் மறுத்தாள், பிறகு சம்மதித்தாள். டிசம்பரில் வந்துவிடுகிறோம். இனி உனக்கு வலது கை நான். என் பாதியை யாருக்கும் கொடுத்துவிடாதே.

முத்தலிப்

புதுச்சேரி
20-8-1988

அன்புள்ள முத்தலிப்புக்கு,

இதையும் ஆதிலட்சுமிதான் எழுதுகிறாள். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதற்கு முந்தின திங்கட்கிழமைதான் முருகையனைக் கடையில் கூட்டாகச் சேர்த்துக்கொண்டேன். சேதராப்பட்டுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்றவன். அவனைப் போ என்று சொல்ல எனக்கு வாய் வராது. மிஷினை அவன்தான் பிடிக்கிறான். நீ சொன்னபடி டியூபும் மாட்டியாயிற்று.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னேன். பொய் எழுத மாட்டேன் என்று ஆதிலட்சுமி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சரி, கோபம் இருக்கிறது. விரல் போனதற்கு இல்லை. வரமுடியாது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அன்றே முருகையனைச் சேர்த்திருப்பேன், அந்த வேனை இரண்டு பேராகக் கழற்றியிருப்போம். சண்டை போட்டுவிடுவேன் என்றா பயந்தாய்? உன்னிடம் நான் என்றைக்குச் சண்டை போட்டேன்?

வேலையைத் திரும்ப வாங்க முடியுமானால் வாங்கிக்கொள். கனீஸின் படிப்பைப் பாதியில் நிறுத்தாதே. டிசம்பரில் பார்க்க மட்டும் வாருங்கள். எங்கள் வீட்டில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள், பெரிய மார்க்கெட்டில் உனக்குப் பிடித்த வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன். கடைக்கும் வா. வந்தால் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிரு. உள்ளே வந்து ஸ்பானரை எடுத்துவிடாதே. முருகையன் ஒன்றும் சொல்ல மாட்டான், ஆனால் சங்கடப்படுவான்.

கன்னியப்பன்