வலப்பக்க இடம்

அன்புள்ள மகனே,

ஈஸ்டருக்கு நம் மலையில் பனி நன்றாகவே இருக்கிறது. இன்று சறுக்குக்கட்டைகளோடு லிஃப்ட்டுக்குப் போனேன். இரண்டு பேரைப் பக்கம் பக்கமாக நிறுத்தி மலைமேல் இழுக்கும் அதே பழைய குறுக்குக் கம்பிதான். "பக்கத்துல நான் வரட்டுமா?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். "ஆள் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். முப்பது வருடப் பழக்கம். உன் அம்மா நிற்கும் வலப்பக்கத்தைக் காலியாக விட்டு இடப்பக்கமே நின்றேன். பாதி வழியில் கம்பி ஒரு பக்கமாகச் சாய, விழுந்தேன்.

லிஃப்ட்காரன் தூர்கேய்ர் ஓடிவந்தான். "தனியா ஏறினா நடுவுல நிக்கணும்னு தெரியாதா பெரியவரே? ஆள் இருக்குன்னீங்களே, யாரு?"

உன் அம்மாவின் பெயர் வாயில் வரவில்லை. "என் மகன்" என்றேன்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று உன்னிடம் நான் கடுமையாகப் பேசியதை இங்கே எழுத மாட்டேன். திங்கட்கிழமை வரை லிஃப்ட் ஓடும். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

அப்பா